ஞானத்தாயும் வம்புக்காரியும்

"இவர மாதிரி ஒருத்தர் கிடைச்சா நான் எல்லாத்தையும் சொல்லிடுவேன் மேம்" என்றாள் முதுகலை மாணவி ஒருத்தி. அவள் சொன்னது ஃபாதர் பிரவுனை. எனக்கு உடனே பதில் வரவில்லை. நானும் சொல்லிவிடுவேன் என்பதுதான் காரணம். மார்க் வில்லியம்ஸின் முகம் அப்படி. தொளதொளத்த அங்கி, ஒரு சைக்கிள், ஒரு குடை, யாரையும் அவசரப்படுத்தாத கண்கள். அந்த ஆறுதலோடுதான் என் சண்டை.

பிபிசி 2013 ஜனவரியில் தொடங்கிய இந்தத் துப்பறியும் நகைச்சுவைத் தொடர், 1950களின் இங்கிலாந்தில் கெம்பிள்ஃபோர்டு என்னும் கற்பனைக் கிராமத்தில் நடக்கிறது. பத்தாண்டு கடந்தும் ஓடியது. மூலம், ஜி. கே. செஸ்டர்டன் 1910இல் எழுதத் தொடங்கிய சிறுகதைகள். அந்தக் கதைகளில் பாதிரியாரின் முக்கியக் கூட்டாளி, திருடனாக இருந்து திருந்திய ஃபிளாம்போ. அவரைச் சுற்றிப் பெண்களை உட்காரவைத்தது தொலைக்காட்சிதான். பங்குச் செயலராக அயர்லாந்துக்காரர் திருமதி மெக்கார்த்தி, சீமாட்டி ஃபெலீசியா, பிறகு ஃபெலீசியாவின் உறவுக்காரப் பெண் பன்ட்டி. பெண்களைச் சேர்த்தார்களே என்று மகிழலாம். சேர்த்து என்ன வேலை கொடுத்தார்கள்?

மெக்கார்த்தியைப் பாருங்கள். கோயில் கணக்கு, தேநீர், ஊரே புகழும் ஸ்ட்ராபெரி ஸ்கோன், இவற்றோடு ஊர்ச்சேதி. யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, யாருக்குத் திடீரென்று பணம் வந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் சொல்லும்போது நாம் சிரிக்கிறோம், சிரிக்கத்தான் அந்தப் பாத்திரம். அதே ஊரின் அதே ரகசியங்கள் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பாதிரியார் காதில் விழும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறோம். அவள் கேட்டால் வம்பு, அவர் கேட்டால் ஞானம். மனிதத் தீமை தனக்குத் தெரிவதே பிறர் பாவங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் என்று செஸ்டர்டனின் பாதிரியார் முதல் கதையிலேயே ஒப்புக்கொள்கிறார். அதாவது முழந்தாளிட்டவர்கள் கொண்டுவந்து கொட்டியதுதான் அவருடைய மூலதனம்.

வம்பு என்பதற்கான ஆங்கிலச் சொல் காசிப். அது முதலில் கோயில் சொல். ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தாய், ஞானத்தந்தை உறவைக் குறித்தது. பிறகு பிரசவத்துக்குத் துணையிருக்கும் தோழிகளைக் குறித்தது. அப்புறம் அவர்கள் அங்கே பேசிய பேச்சையே வெட்டிப்பேச்சு ஆக்கிவிட்டார்கள். ஞானத்தாய் வம்புக்காரி ஆன இந்த வரலாற்றைத்தான் தொடர் வாரந்தோறும் ஸ்கோனோடு பரிமாறுகிறது.

செஸ்டர்டன் பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று வாதிட்டவர். ஃபாதர் பிரவுன் பிறந்த அதே 1910இல் வந்த அவருடைய கட்டுரை நூலில், பெண்ணியம் பெண்ணைப் பற்றிய பிழை என்று ஒரு பகுதியே உண்டு. தொடரை எடுத்தவர்கள் அவர் அளவுக்குப் பிற்போக்காளர்கள் அல்ல. முதல் பருவத்தில் வந்துபோன சிஸ்டர் போனிஃபேஸுக்கு 2022இல் தனித் தொடரே கொடுத்தார்கள். அவர் கன்னியாஸ்திரி, தடயவியலில் முனைவர், காவல்துறைக்கு அறிவியல் ஆலோசகர். இங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. அவருக்குச் சைக்கிளும் குடையும் போதும், இவருக்கு முனைவர் பட்டம் வேண்டும். (பட்டத்தை வைத்துக்கொண்டு கூட்டங்களில் வரவேற்புரை மட்டும் வழங்கியவள் என்ற முறையில் சொல்கிறேன்.) அத்தனை படித்தும் போனிஃபேஸால் ஒருவருடைய பாவசங்கீர்த்தனத்தையும் கேட்க முடியாது. 1994 மார்ச்சில் பிரிஸ்டல் பேராலயத்தில் இங்கிலாந்துத் திருச்சபை 32 பெண்களைக் குருக்களாக்கியது. இரண்டே மாதத்தில் போப் இரண்டாம் ஜான் பால், பெண்களைக் குருவாக்கக் கத்தோலிக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று மடல் எழுதினார்.

"கதை 1950களில் நடக்கிறது, அப்போது அப்படித்தான்" என்பார்கள். தொடருக்கு வரலாற்றின் மேல் அவ்வளவு பக்தி இல்லை. கத்தோலிக்கக் கோயிலாக நாம் பார்க்கும் அந்தப் பழைய கற்கோயில் பிளாக்லி கிராமத்து ஆங்கிலிக்கன் ஆலயம். கோயிலையே மதம் மாற்ற முடிந்திருக்கிறது.

1950கள் எப்படி இருந்தன? மெக்கார்த்தியின் தாய்நாட்டில், அவர் ஸ்கோன் சுட்ட அதே ஆண்டுகளில், மக்தலேன் சலவைக்கூடங்களில் பெண்கள் கூலியில்லாமல் துணி துவைத்தார்கள். 1922 முதல் 1996 வரை சுமார் 10,000 பேர். திருமணத்துக்கு வெளியே கருவுற்றவள், அநாதை, அடங்காதவள் என்று பெயர் வாங்கியவள். பாதிரியார்களே கொண்டுபோய்ச் சேர்த்தவர்களும் உண்டு. நடத்தியவர்கள் கன்னியாஸ்திரிகள், அதையும் மறைக்கத் தேவையில்லை. ஃபாதர் பிரவுனின் முதல் பருவம் ஜனவரியில் முடிந்தது. அடுத்த மாதம், 2013 பிப்ரவரி 19 அன்று, அயர்லாந்துப் பிரதமர் எண்டா கென்னி அந்தப் பெண்களிடம் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

தொடரில் துன்பப்படும் பெண்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு முறையும் வாசலில் ஒரு நல்ல பாதிரியார் நிற்கிறார், அவ்வளவுதான். அந்த ஒருவரைக் காட்டியே அந்த வாசலைப் பூட்டிய நிறுவனத்தை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறார்கள். சலவைக்கூடத்துப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது கனிவான காதல்ல. சாவி.

என் மாணவி இன்னும் பார்க்கிறாள். பார், ஆனால் துப்பு முதலில் யார் வாயிலிருந்து வருகிறது என்று அத்தியாயவாரியாகக் குறித்துக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன். நோட்டில் மெக்கார்த்தி பெயர்தான் அதிகமாம்.