தாய்மார் பக்கம்: டே கெயாரில் கை, கால், வாய் நோய்

"காலையில் பிள்ளைக்கு இலேசாகச் சுட்டது. பனடோல் பாணி கொடுத்து டே கெயாரில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். பின்னேரம் பார்த்தால் உள்ளங்கையில் சிவப்புப் புள்ளிகள். அடுத்த கிழமை இன்னும் நான்கு பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. நான் யாருக்கும் சொல்லவில்லை" என்று கொழும்பிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்.

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி சொந்த அலுவலுக்கும் சுகவீனத்துக்கும் சேர்த்து வருடத்துக்கு 7 நாள் லீவுதான். இந்த ஒரு வருத்தமே அதை முடித்துவிடும். ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும்.

இது கை, கால், வாய் நோய். மாடுகளுக்கு வரும் கால்வாய் நோய் வேறு. பால் வாங்குவதை நிறுத்த வேண்டாம். கொக்சாக்கி போன்ற வைரசுகளால் பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்டவர்களுக்கு வருவது. தொற்றி 3 முதல் 6 நாட்களில் காய்ச்சல் காயும். பிறகு வாயில் புண், உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டத்தில் கொப்புளங்கள். வைரசு என்பதால் அன்ரிபயோட்டிக் வேலை செய்யாது. பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களில் தானாக மாறும்.

பிள்ளையை வாட்டுவது வாய்ப்புண்தான். விழுங்க முடியாமல் எச்சில் வடியும், சாப்பாட்டைக் கண்டாலே அழும். ஆறிய கஞ்சி, தயிர், இளநீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தோடம்பழச் சாறு எரியும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அடிக்கடி பால் கொடுங்கள். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், நிறைக்கேற்ற அளவில். அஸ்பிரின் கூடாது. டெங்குவும் உள்ள நாடு என்பதால் புரூபனும் வேண்டாம். 8 மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டால், காய்ச்சல் 3 நாளைத் தாண்டினால், வாந்தி நிற்காவிட்டால், தூக்கத்தில் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு உதறினால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். 1997இல் மலேசியாவின் சரவாக்கில் இந்நோய் பரவியபோது குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அப்படி நடப்பது அரிது, ஆனாலும் கவனம் வேண்டும்.

எப்போது திரும்ப அனுப்பலாம்? காய்ச்சல் விட்டு, கொப்புளம் காய்ந்து, பிள்ளை வழமைபோலச் சாப்பிடத் தொடங்கியபின். ஆனால் சுகமான பிறகும் பல கிழமைகளுக்கு மலத்தில் வைரசு வெளியேறும். அத்தனை நாளும் வீட்டில் வைத்திருக்க யாராலும் முடியாது. ஆகவே பிள்ளை திரும்பி வந்த பின்னரும் கைகழுவலில்தான் காரியம் இருக்கிறது. பல இடங்களில் நப்கின் மாற்றும் ஆயாதான் சோறும் தீத்துகிறார். ஒவ்வொரு தடவையும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். கொரோனாக் காலத்தில் பழகிய ஜெல்லுக்கு இந்த வைரசு இலேசில் மசியாது. வாயில் வைக்கும் விளையாட்டுச் சாமான்களைக் கழுவி, போத்தலில் சொல்லியுள்ள அளவில் கரைத்த குளோரினால் துடைத்து, மீண்டும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.

நிலையம் நடத்துவோருக்கும் ஒன்று. உண்மை சொன்ன தாயை வாசலில் வைத்து ஏசினால் அடுத்த தாய் பனடோலில் மறைத்துத்தான் கொண்டுவருவார். பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் மற்றப் பெற்றோருக்கு அன்றைக்கே அறிவித்தால் அவர்கள் தங்கள் பிள்ளைகளின் வாயைப் பார்த்துக்கொள்வார்கள்.

சகோதரி, நாளைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, சில கிழமைகள் கழித்துப் பிள்ளையின் நகம் ஒன்றிரண்டு கழரலாம். பயப்பட வேண்டாம், புதிதாக வளரும்.