முகத்தில் ஆசிட் விளையாட்டா?

கன்னத்தில் ஒரு கருந்திட்டு. மூக்குத் தண்டில் இன்னொன்று. நெற்றியில் மை தடவினாற்போல ஒரு தடம். ஊரில் இதற்குப் பெயர் மங்கு. டாக்டர்கள் 'மெலாஸ்மா' என்கிறார்கள்.

மங்கு உயிரைக் குடிக்கும் நோய் அல்ல. வலி கிடையாது. அரிப்பு கிடையாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றவும் தொற்றாது. ஆனால் அது வந்த பெண்ணைக் கேட்டால்தான் வேதனை தெரியும்.

"முகத்துல மங்கு விழுந்தா குடும்பத்துக்கு ஆகாது" என்று சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். "மங்கு சனி பிடிச்சிருக்கு" என்பார்கள். கல்யாண வீட்டில் நாலு பேர் முகத்தையே பார்ப்பார்கள். ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரி, "என்னடி முகத்துல?" என்று கேட்பாள்.

இந்த மனவேதனையைத்தான் சிலர் காசாக்குகிறார்கள்! 'கெமிக்கல் பீல்' என்ற பெயரில் தெருமுனை அழகு நிலையங்களில் பெண்களின் முகத்தில் ஆசிட் பூசப்படுகிறது. பூசுபவர் டாக்டர் அல்ல. நர்சும் அல்ல.

"ஒரே சிட்டிங்தான் அக்கா!"

புருவம் திருத்தப் போகும் பெண்ணிடம் பேச்சு இப்படித்தான் தொடங்குகிறது.

"ஏன்க்கா இந்தத் திட்டை வச்சிட்டு இருக்கீங்க? ஒரே சிட்டிங்குல எடுத்துடலாம்."

"எரியுமாம்மா?"

"லேசா சுர்ருன்னு இருக்கும். பேஷியல் மாதிரிதான்க்கா. பயப்படாதீங்க."

பாட்டிலில் இருப்பது என்ன ஆசிட்? எத்தனை சதவீதம்? பூசுகிற பெண்ணுக்கே தெரியாது. உட்கார்ந்திருக்கும் பெண்ணும் கேட்பதில்லை.

நாலைந்து நாளில் தோல் உரிகிறது. உள்ளேயிருந்து புதுத் தோல் எட்டிப் பார்க்கிறது. முகம் பளபள என்று இருக்கிறது. அக்காவுக்குச் சந்தோஷம். அடுத்த மாதம் கண்ணாடியைப் பார்த்தால் பகீர் என்கிறது. முன்பு தேன் நிறத்தில் இருந்த திட்டு இப்போது கரி நிறம்!

திரும்பப் போய்க் கேட்டால் என்ன பதில்? "உங்க ஸ்கின் அப்படி. இன்னும் ரெண்டு சிட்டிங் போட்டா சரியாயிடும்."

பீல் என்றால் என்ன?

கெமிக்கல் பீல் பொய் வைத்தியம் அல்ல. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தோல் டாக்டர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவரும் முறைதான் அது.

கரும்பிலிருந்து கிடைக்கும் கிளைகாலிக் ஆசிட், புளித்த பாலில் உள்ள லாக்டிக் ஆசிட், முகப்பருவுக்கும் உதவும் சாலிசிலிக் ஆசிட், இவற்றைவிடக் காரமான ட்ரைகுளோரோ அசிடிக் ஆசிட் என்று பல வகை உண்டு. அளவாகப் பூசினால் தோலின் மேலடுக்கு மெல்ல உரியும். அந்த அடுக்கில் தங்கிய கருமையும் சேர்ந்து போகும். விஷயம் இவ்வளவுதான்.

ஆனால் 'அளவாக' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

கிளைகாலிக் ஆசிட் பூசினால் டாக்டர் கையில் கடிகாரம் இருக்க வேண்டும். நிமிடக் கணக்குதான். நேரம் முடிந்ததும், அல்லது தோல் சிவந்ததும், சோடா கரைசலோ தண்ணீரோ கொண்டு ஆசிட்டை அடக்க வேண்டும். போன் வந்தது, பேசிவிட்டு வந்தேன் என்றால் முகம் வெந்துவிடும். ட்ரைகுளோரோ அசிடிக் ஆசிட் இன்னும் மோசம். அது தோலில் வெள்ளை பூத்து இறங்கிவிட்டால் சோடா கரைசல் ஊற்றியும் திருப்ப முடியாது.

மங்கிலும் வகை உண்டு. கருமை மேலடுக்கில் இருந்தால் பீல் ஓரளவு கைகொடுக்கும். ஆழத்தில் இறங்கியிருந்தால் அவ்வளவாகப் பலன் தராது. இதை டாக்டர் ஒரு விசேஷ விளக்கை முகத்தில் அடித்துப் பார்ப்பார். அழகு நிலையத்தில் எந்த விளக்கு இருக்கிறது?

வெள்ளைத் தோலும் நம்ம ஊர்த் தோலும்

நம்ம ஊர்த் தோலுக்கு ஒரு குணம் உண்டு. அடிபட்டால் கருக்கும். கொசு கடித்த இடம், எண்ணெய் தெறித்த இடம், பருவைக் கிள்ளிய இடம் எல்லாம் மாதக்கணக்கில் கருப்பாக நிற்பதைப் பார்க்கிறோமே, அதே குணம்தான். ஆசிட் சுட்டாலும் தோல் அதையே செய்யும். மங்கு போக்கப் போன இடத்தில் புது மங்கு வந்த கதை இதுதான்.

அதனால்தான் நல்ல டாக்டர் முதல் நாளே பீல் செய்வதில்லை. இரண்டு முதல் நான்கு வாரம் களிம்பு பூசவைத்துத் தோலைப் பழக்குகிறார். குறைந்த சதவீதத்தில் தொடங்குகிறார். பீலுக்குப் பீல் இரண்டு முதல் நான்கு வாரம் இடைவெளி விடுகிறார். பல தடவை செய்தால்தான் பலன் தெரியும். ஒரே சிட்டிங் என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார்.

இன்னொரு உண்மையையும் அவர் சொல்லிவிடுவார். மங்கு அடங்கும். ஆனால் திரும்பி வரும். வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை என்று அதற்குக் காரணங்கள் உண்டு. காரணம் இருக்கும்வரை நோயும் காத்திருக்கும். முதல் மருந்து ஆசிட் அல்ல. வெயில் படாமல் காப்பதுதான். தினமும் சன்ஸ்கிரீன், கையில் குடை. இதற்குக் கமிஷன் கிடையாது. அதனால் அழகு நிலையத்தில் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை!

பெயர் இல்லாத டப்பா

பீல் முடிந்ததும் ஒரு சின்ன டப்பா கையில் தரப்படுகிறது. "ராத்திரி பூசுங்க அக்கா. எங்க ஸ்பெஷல் கிரீம்." லேபிள் கிடையாது. தயாரித்த தேதி கிடையாது.

இப்படிப்பட்ட களிம்புகளில் ஸ்டீராய்டு இருந்தால் முதல் வாரம் முகம் ஜொலிக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். ரத்தக்குழாய் சிவப்புக் கோடாகத் தெரியும். பரு கிளம்பும். முடி முளைக்கும். நிறுத்தினால் முகம் தீயாய் எரியும். விட முடியாத பழக்கம்போல ஆகிவிடும்.

பாதரசம் இருந்தால் அதைவிட ஆபத்து. 2023-இல் கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் சிவப்பழகு கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது டாக்டர்களால் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆண்டே கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது. முகத்துக்குப் பூசியது சிறுநீரகத்தைத் தின்றது என்றால் யாருக்குத்தான் நெஞ்சு பதறாது?

மருந்துக்கடைகளும் யோசிக்க வேண்டும். தோலில் பூசும் ஸ்டீராய்டு வகைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. விதி காகிதத்தில் இருக்கிறது. கவுண்டரில் என்ன நடக்கிறது? "மங்குக்கு ஒரு டியூப் குடுங்கண்ணே" என்றால் எடுத்து நீட்டும் கடைகள் இன்னும் உண்டு. சீட்டு எங்கே என்று கேட்டால் வியாபாரம் அடுத்த கடைக்குப் போய்விடும் என்ற பயம்!

கழிவறை ஆசிட்டுக்கு அடையாள அட்டை!

2013-இல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு உத்தரவு போட்டது. கடையில் ஆசிட் வாங்க வருபவர் அடையாள அட்டை காட்ட வேண்டும். எதற்கு என்று காரணம் சொல்ல வேண்டும். பெண்கள் முகத்தில் ஆசிட் வீசும் கொடுமையைத் தடுக்க வந்த உத்தரவு அது.

பீல் ஆசிட் அந்த ஆசிட் அல்ல. அத்தனை கொடூரம் அதில் இல்லை. ஆனாலும் தோலைச் சுடுவதுதான் அதன் வேலை. கழிவறை கழுவும் ஆசிட்டுக்கு அடையாள அட்டை கேட்கும் நாட்டில், முகத்தில் பூசும் ஆசிட் ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கு வருகிறது! அமெரிக்க அரசின் மருந்துத் துறையே 2024-இல் எச்சரித்தது. காரமான பீல் ஆசிட்டுகளை டாக்டர் மேற்பார்வை இல்லாமல் வாங்காதீர்கள், பூசாதீர்கள், தீக்காயம் ஏற்படும் என்றது. அந்த எச்சரிக்கை இங்கே எத்தனை பேர் காதில் விழுந்தது?

அதிகாரிகள் செய்ய வேண்டியது

முதலில் மாநகராட்சி. அழகு நிலையங்களுக்குத் தொழில் உரிமம் கொடுப்பதும் புதுப்பிப்பதும் மாநகராட்சி. கத்தரிக்கோலும் சீப்பும் வைத்துத் தொழில் செய்யக் கொடுத்த உரிமத்தில் ஆசிட் வைத்தியம் செய்யலாமா? உரிமம் புதுப்பிக்கும்போது அலமாரியைத் திறந்து பார்த்தால் போதும். பாட்டில்கள் தாமாகவே பேசும்.

அடுத்து சுகாதாரத் துறை. தமிழ்நாட்டில் கிளினிக்குகளைப் பதிவு செய்ய 1997-இலேயே சட்டம் வந்துவிட்டது. 'ஸ்கின் கிளினிக்' என்று பலகை மாட்டியவர்கள் பதிவு செய்தார்களா? உள்ளே இருப்பவர் டாக்டரா? அவருடைய பதிவு எண்ணை வாசலில் எழுதிவைக்கச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. லேபிள் இல்லாத டப்பாக்களைப் பறிமுதல் செய்து பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கேரளாவில் முடிந்தது இங்கே ஏன் முடியாது?

எல்லா அழகு நிலையங்களையும் குற்றம் சொல்வது நியாயம் அல்ல. புருவம் திருத்தி, தலை வாரி, மணப்பெண்ணை அலங்கரித்துக் கௌரவமாகப் பிழைப்பவர்கள் ஏராளம். கடன் வாங்கிக் கடை வைத்த பெண்கள் அவர்கள். ஆசிட் ஆசாமிகளால் கெடுவது அவர்கள் பெயரும்தான்.

பெண்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

பீல் செய்யப் போகுமுன் நாலு கேள்வி கேளுங்கள். செய்வது டாக்டரா? என்ன ஆசிட், எத்தனை சதவீதம்? முகம் வெந்தால் யார் பார்ப்பது? பில் தருவீர்களா? பதில் சொல்லத் தயங்கினால் அந்த நாற்காலியில் உட்காராதீர்கள்.

கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்ப காலத்து மங்கு பிரசவத்துக்குப் பிறகு தானாகக் குறைவதும் உண்டு. அவசரம் வேண்டாம். எலுமிச்சைச் சாறு தேய்த்துக்கொண்டு வெயிலில் போகும் கைவைத்தியமும் வேண்டாம். அதுவும் தோலைச் சுடும்.

பூசிய பிறகு எரிச்சல் தாங்கவில்லை என்றால் வெட்கப்படாமல் நிறுத்தச் சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீரால் நிறையக் கழுவுங்கள். உரியும் தோலைப் பிய்க்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாட்டிலையும் முகத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். புகார் கொடுக்க அதுதான் ஆதாரம்.

காசு இல்லையே என்று கவலை வேண்டாம். சென்னை அரசு பொது ஆஸ்பத்திரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையில் போய் ஓ.பி. சீட்டு வாங்கினால் டாக்டர் இலவசமாகவே பார்ப்பார். வரிசை நீளம்தான். ஆனால் அந்த வரிசையில் நின்றவர் முகம் அரைமணி நேரத்தில் வெந்து போவதில்லை.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மங்கு சனியும் அல்ல, சாபமும் அல்ல. ஆண்களுக்கும் வருகிற ஒரு தோல் கோளாறு, அவ்வளவுதான். "முகத்தைப் பார்க்கச் சகிக்கலை" என்று வீட்டில் ஒருவர் சொன்ன சொல்தான் பல பெண்களை அந்த ஆசிட் நாற்காலிக்குத் தள்ளுகிறது.

போலி டாக்டர் ஊசி போட்டால் போலீஸ் பிடிக்கிறது. ஆசிட் பூசினால் மட்டும் அது அழகுக் கலையா? இன்னொரு முகம் வேகும்வரை காத்திருக்காமல் அதிகாரிகள் அந்த அலமாரிகளைத் திறந்து பார்ப்பார்களா?