மலைச் செடிக்கு ஒரு சாட்சி

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறிச் செல்வோர் வழியெங்கும் பசுமையைக் கண்டு மகிழ்கின்றனர். அப்பசுமையில் எது மண்ணின் மைந்தன், எது வந்தேறி என்று வினவினால் நம்மில் பலர் விழிப்போம். வயலில் விளையும் மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. காட்டோரம் மண்டும் உண்ணிச்செடியும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்ததே. கடுக்காய் மரமோ இந்நாட்டில் இயற்கையாகவே வளர்வது.

இவ்வாறு பிரித்தறியும் பணிக்கே வாழ்நாளை ஈந்தவர் சேசு சபைக் குரு அருட்தந்தை கே. எம். மேத்யூ. 1930-இல் பிறந்த அவர், கொடைக்கானலில் குடியேறிய அயல்நாட்டுத் தாவரங்களைப் பற்றி எழுதிய நூல் 1969-இல் வெளிவந்தது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினாட் ஹெர்பேரியத்தை நிறுவியவரும் அவரே. அங்கிருந்துதான் ‘தமிழ்நாடு கர்நாடிக்’ தாவரங்களைப் பற்றிய பெருந்தொகுதிகள் 1981 முதல் 1988 வரை வெளிவந்தன. கர்நாடிக் என்றதும் அண்டை மாநிலத்தை எண்ணிவிட வேண்டாம். நம் கீழைச் சமவெளியும், அதில் நிற்கும் கல்வராயன், சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை முதலியனவுமே இங்கு குறிக்கப்படுகின்றன.

இம்மலைகளை ஏன் தனித்தனியே ஆராய வேண்டும்? கடலில் தீவுகள் போல அவை சமவெளியில் பிரிந்து நிற்கின்றன. உச்சியின் குளிர்ச்சியில் வாழும் செடி, கீழேயுள்ள வெயிலைக் கடந்து அடுத்த மலைக்குச் செல்வது அரிது. இப்படித் தனித்து நெடுங்காலம் வாழும் இனம் தன் உறவினத்தினின்று சிறிது சிறிதாக மாறி, புதிய இனமாகவும் ஆகலாம். செம்மரத்தைப் பாருங்கள்: உலகிலேயே கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் தென்பகுதியில் மட்டுமே அது இயற்கையாக வளர்கிறது.

ஹெர்பேரியத்துப் பணி எளியதாகத் தோன்றும். பூவும் இலையும் உள்ள கிளையைச் செய்தித்தாளுக்கிடையே அழுத்தி உலர்த்தி, கெட்டித் தாளில் ஒட்டுகின்றனர். கிடைத்த இடம், நாள், மலையின் உயரம் ஆகியவற்றோடு பூவின் நிறத்தையும் குறிக்கின்றனர். உலர்ந்தபின் நிறம் மாறிவிடுமன்றோ! நாளை அம்மலையில் அச்செடி அற்றுப்போனாலும், அது அங்கே வாழ்ந்ததற்கு அத்தாள் சாட்சி. சாட்சியில்லாத இழப்பை யார் கணக்கிடுவது?

அத்தொகுதிகள் ஆங்கிலத்தில் உள்ளன. வெள்ளிமலைப் பள்ளிச் சிறுவர் கையிலேந்திச் செல்லத்தக்க தமிழ்ச் சிறுநூல் ஒன்று அவற்றினின்று பிறவாதா என்பது என் ஏக்கம்.

அருட்தந்தை ஓயவில்லை. பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய நூலை 1999-இல் வெளியிட்டார். 2004-இல் இறைவனடி சேர்ந்தார்.