கைத்தொழிலும் கல்வியே!



"பத்தாம் வகுப்பு முடிந்ததும் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்கள் வகுப்பாசிரியை கேட்டார். ஒவ்வொருவராக எழுந்து பதில் கூறினோம். டாக்டர், என்ஜினீயர், ஆடிட்டர், ஆசிரியை, கலெக்டர் என்று விடைகள் வரிசையாக வந்தன. கடைசி வரிசையிலிருந்து ஒரு தோழி எழுந்து, "ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பேன், டீச்சர். பிறகு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேருவேன்" என்றாள். அவளைத் தவிர அனைவரும் சிரித்தோம். ஆசிரியை சிரிக்கவில்லை. "ஏன் சிரித்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். எங்களுள் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. அன்று சொல்ல முடியாத பதிலைத் தேடிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

நாங்கள் சிரித்ததற்கு முதற்காரணம் அறியாமையே. படிப்பு வராதவர்கள் போய்ச் சேரும் இடம் ஐ.டி.ஐ. என்றும், அப்ரண்டிஸ் என்றால் பட்டறையில் டீ வாங்கி வரும் எடுபிடி என்றும் எண்ணியிருந்தோம். உண்மை அதுவன்று. நம் நாட்டில் தொழில் பழகுநர் சட்டம் 1961-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. நிறுவனமும் பழகுநரும் ஒப்பந்தம் செய்துகொண்டு, அதனைப் பதிவு செய்ய வேண்டும். பணிமனையில் கைவேலையும், அதற்கு வேண்டிய பாடமும் சேர்த்தே கற்பிக்கப்படும். பயிற்சி முடிந்து தேர்வில் வெற்றி பெறுவோருக்குத் தேசியச் சான்றிதழ் உண்டு. 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள், தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும் என்று 2019-இல் விதி திருத்தப்பட்டது. மாத உதவித்தொகையும் படிப்புக்கேற்ப 5,000 ரூபாய் முதல் 9,000 ரூபாய் வரை இருக்க வேண்டும் என்று அப்போது வரையறுக்கப்பட்டது. கற்கும்போதே உதவித்தொகை பெறும் படிப்பை இழிவானது என்று எப்படிச் சொல்வது?

இனி, ஃபிட்டர் படிப்புக்கு மூளை வேண்டாமா? ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்து, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளப்பதற்குள் நமக்கு வியர்த்துவிடுகிறது. ஃபிட்டருக்கோ அது அன்றாட வேலை. எந்திரப் பகுதியின் வரைபடத்தைப் படித்துப் புரிந்துகொண்டு, இரும்பை அந்த அளவுக்கே அராவிப் பொருத்த வேண்டும். நாம் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யும் வடிவியலும் முக்கோணவியலும் அங்கே கைக்கு உதவும் கருவிகள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். பட்டறையில் அந்தச் சுரைக்காயும் கறியாகிறது!

அறிவியல் பாடத்தில் நாம் சந்திக்கும் மைக்கேல் பாரடே எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவர் அல்லர். கொல்லரின் மகனாகிய அவர், 14 வயதில் லண்டனில் புத்தகம் கட்டுபவர் ஒருவரிடம் ஏழாண்டுக் காலத்திற்குப் பழகுநராகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் ஆர்வம் கொண்டார். மின்காந்தத் தூண்டலை 1831-இல் கண்டறிந்தவர் அவரே. எல்லாப் பழகுநரும் பாரடே ஆகிவிட முடியாதுதான். எல்லாப் பட்டதாரியும் மேதையாகிவிடுவதும் இல்லையே!

நம் திருச்சபையும் உழைப்பைத் தாழ்த்திப் பேசியதில்லை. நம் ஆண்டவர் நாசரேத்தூரில் தச்சராக உழைத்தார். புனித பவுல் கூடாரம் செய்து பிழைத்தார். தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக மே முதல் நாளை 1955-இல் அறிவித்தவர் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர். அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், 1850-களின் தொடக்கத்தில், இத்தாலியின் தூரின் நகரில் புனித தொன் போஸ்கோ ஏழைச் சிறுவர்களுக்காக முதலாளிகளிடம் எழுத்து மூலம் ஒப்பந்தம் வாங்கினார். தொழிலை உண்மையாகக் கற்றுத்தர வேண்டும். வேறு வேலைக்கு ஏவக் கூடாது. அடிக்கக் கூடாது, சொல்லால் திருத்த வேண்டும். திருநாள்களில் ஓய்வு தர வேண்டும் என்பவை அவற்றின் நிபந்தனைகள். இன்று பழகுநராகச் சேரும் மகளை அனுப்பும் பெற்றோரும் இவற்றையே கேட்டு அறிந்துகொள்ளலாம்.

"பெண் பிள்ளைக்குப் பட்டறை வேலையா?" என்று பெற்றோர் தயங்குவது எங்களுக்குத் தெரியும். மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த சுரேகா யாதவ், மின்பொறியியல் டிப்ளமோ முடித்து, 1980-களில் ரயில்வேயில் உதவி ஓட்டுநர் பயிற்சிக்குச் சேர்ந்தார். ஆசியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுநர் என்று பெயர் பெற்றார். 2023 மார்ச்சில் சோலாப்பூரிலிருந்து மும்பைக்கு வந்தே பாரத் ரயிலை ஓட்டினார். பட்டம் இல்லையே என்று ரயில் நின்றுவிடவில்லை.

"டிகிரி இல்லாவிட்டால் மாப்பிள்ளை கிடைக்குமா?" என்பது அடுத்த கேள்வி. பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் இரண்டெழுத்து அச்சிடுவதற்காக மட்டும் மூன்றாண்டு படிப்பதும், அதற்காகத் தந்தை கடன்படுவதும் கல்விக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஒரு தொழிலைத் திறம்படக் கற்ற பெண், எந்தச் சூழ்நிலையிலும் தன் காலில் நிற்பாள். மேற்படிப்பின் கதவும் அடைபடுவதில்லை. ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்தவர்கள் பொறியியல் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டிலும் சேர நம் மாநிலத்தில் வழியுண்டு. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், மாதம் 1,000 ரூபாயைக் கல்லூரி மாணவிக்கு மட்டுமன்றி ஐ.டி.ஐ. மாணவிக்கும் சேர்த்தே அறிவித்தது. அரசே சமமாக எண்ணும்போது நாம் ஏன் தாழ்வாக எண்ண வேண்டும்?

ஆயினும், ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது நேர்மையன்று. மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியை ஆக விரும்புவோர் கல்லூரிக்குச் சென்றே ஆக வேண்டும். பயிற்சி முடிந்ததும் அதே நிறுவனம் வேலை தந்துவிடும் என்ற உறுதியும் கிடையாது. பழகுநர் என்ற பெயரில் குறைந்த கூலிக்கு ஆள் பிடிப்போரும் இருக்கலாம். ஆகவே சேருமுன், ஒப்பந்தம் பதிவாகிறதா, கற்பிக்கத் தகுதியான ஆசிரியர் உண்டா, பெண்களுக்குக் கழிப்பறையும் பாதுகாப்பான பயண வசதியும் உண்டா என்று நேரில் பார்த்து அறிய வேண்டும். ஆபத்தான தொழில்களில் 18 வயது நிரம்பாதவரைப் பழகுநராகச் சேர்க்கக் கூடாது என்பது 2014-ஆம் ஆண்டுத் திருத்தம். எனவே எங்களைப் போன்ற பதினைந்து வயதினர் முதலில் ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு முறையாகப் படிப்பதே நல்லது.

கல்லூரி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சத்தால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறோம். அச்சத்தால் செய்வது தேர்வே அன்று. எங்களுள் நாற்பது பேரும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொன்னோம். அந்தத் தோழி ஒருத்திதான் தானாகச் சிந்தித்துச் சொன்னாள்.

எங்கள் பள்ளிக்கு ஒரு சிறு வேண்டுகோள். உயர்கல்வி வழிகாட்டும் நாளுக்குக் கல்லூரிப் பேராசிரியர்களை அழைப்பதுபோல், ஐ.டி.ஐ. ஆசிரியர் ஒருவரையும் தொழில் கற்று வேலை பார்க்கும் பெண் ஒருவரையும் மேடையேற்ற வேண்டும். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மகள் கைத்தொழிலின் பெயரைச் சொன்னால் உடனே மறுக்காமல், ஏன் என்று கேளுங்கள்.

அந்தத் தோழியிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். "பரவாயில்லைடி, உங்கள் வீட்டில் மிஷின் ரிப்பேர் ஆனால் என்னைத்தானே கூப்பிடுவீர்கள்!" என்று சொல்லி அவள் சிரித்தாள். இம்முறை நாங்களும் அவளோடு சேர்ந்து சிரித்தோம்.

பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில், ஒரு மாணவி