இத்தாலியச் சொல்லும் இயல்பான ஆங்கிலமும்

மேலையிசை பயிலும் நம் பிள்ளைகள் உருப்போடும் பட்டியல் ஒன்று உண்டு. இடப்புறம் இத்தாலியச் சொல். வலப்புறம் அதற்கு ஆங்கிலப் பொருள். அல்லேக்ரோ எனின் ‘சியர்ஃபுல்’. அந்தாந்தே எனின் ‘வாக்கிங்’. மொரேந்தோ எனின் ‘டையிங்’. இதனை ஒப்பிப்போர் தேர்வில் வெல்கின்றனர். பியானோவின்முன் அமர்ந்ததும் திகைக்கின்றனர். பிழை பிள்ளைகளுடையதன்று, அகராதிப் பொருளையே மொழிபெயர்ப்பென மயங்கியோருடையது.

அல்லேக்ரோவையே எடுத்துக்கொள்வோம். இத்தாலியர் பேச்சில் அது மகிழ்ச்சியைக் குறிப்பது மெய்யே. ஆயினும், தவிப்பு ததும்பும் மோட்சார்ட்டின் 40ஆம் சிம்பொனி (1788) தன் முதற்பகுதியின் தலையில் ‘மோல்தோ அல்லேக்ரோ’ என்னும் குறிப்பையே தாங்கி நிற்கின்றது. அதனை ‘மிக மகிழ்வாக’ வாசிக்கப் புகுந்தால் என்னாகும்? ஆங்கு வேண்டுவது ‘வெரி ஃபாஸ்ட்’ என்னும் எளிய தொடரே. இம்முரண்பாட்டைப் பீத்தோவனே 1817இல் ஒரு கடிதத்தில் இடித்துரைத்தார். இத்தகைய சொற்களைக் கைவிடவும் எண்ணினார். எனினும் 1824இல் அரங்கேறிய ஒன்பதாம் சிம்பொனியிலும் அவற்றை ஆண்டார். பழகிய சொல்லின் பிடி அத்தகையது!

சொல்லுக்குச் சொல் வைப்பது மொழிபெயர்ப்பாகாது. ‘டையிங்’ என்பதனோடு ‘அவே’ என்னும் சிறுசொல் சேர்ந்ததும் சாவு நீங்குகின்றது. ஒலி மெல்லத் தேய்ந்து மறைவது புலனாகின்றது. ‘வாக்கிங்’ என்றால் நடப்பவர் யார்? ‘அட் எ வாக்கிங் பேஸ்’ என்றதும் விரல்களுக்கு வேகம் விளங்குகின்றது. ‘ஆ பியாச்சேரே’ என்பதற்கு ‘அட் பிளெஷர்’ என்று பழைய நூல்கள் உரை கூறும். ஆங்கிலேயர் நாவில் இயல்பாய் வருவதோ ‘ஃப்ரீலி’.

‘இத்தாலியம் இசையுலகின் பொதுவழக்கு; அதனைத் தொடலாமா?’ என்பர் சிலர். பொதுவழக்கைப் போக்குக என்று நாம் கூறவில்லை. உருசியரும் சப்பானியரும் ஒரே தாளைக் கண்டு உடன் வாசிக்க அது துணைபுரிகின்றது. ஆதலின் தாளில் அது நிற்கட்டும். ஆனால், ஷூமன் ஜெர்மானியத்திலும் டெபுசி பிரெஞ்சிலும் குறிப்பெழுதியதால் அவர்தம் இசை குன்றிவிடவில்லை. மேலும், விளக்கமென்று தருவதேனும் விளங்க வேண்டாமா?

மறுபுறம், வேர்ச்சொல் வெறியும் வேண்டா. ஆஸ்திரேலியாவில் பிறந்த பெர்சி கிரெய்ஞ்சர் (1882–1961) இத்தாலியச் சொற்களை விலக்கி ஆங்கிலத்திலேயே குறிப்பெழுத முனைந்தார். கிரெஷெண்டோவுக்கு ‘லௌடன்’ என்றார், கேட்டவுடன் விளங்கிற்று. வியோலாவை ‘மிடில் ஃபிடில்’ என்றார், அது நிலைக்கவில்லை. வியோலா முன்னரே ஆங்கிலமாகிவிட்டதன்றோ! நம் மொழியிலும் ‘பேருந்து’ ஓடிற்று, ‘கொட்டைவடிநீர்’ ஆறிப்போயிற்று.

ஆகவே அளவுகோல் ஒன்றே. ஒத்திகையின்போது ஆங்கிலம் பேசும் கலைஞரொருவர் அருகிலிருப்பவரிடம் அத்தொடரை இயல்பாகச் சொல்வாரா? ஆமெனின் அது மொழிபெயர்ப்பு. அன்றெனின் வெறும் சொல்லடுக்கு.

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழையும், பள்ளியில் ஆங்கிலத்தையும், தெருவில் வேறொரு மொழியையும் சுமப்பவர்கள். இசைத்தாளின் இத்தாலியத்தையும் பொருளறியாச் சுமையாக்குவது கொடுமை. ‘மொரேந்தோவுக்குப் பொருள் யாது?’ என்று வினவுவதை விடுத்து, ‘எங்கே, வாசித்துக் காட்டு’ என்று பெற்றோர் கேட்பார்களாக. பொருள் தெரிந்ததா இல்லையா என்பதை விரல்களே சொல்லிவிடும்.