ஆர்.வி. கரையோடு நிற்கட்டும்

ஆர்.வி. தெரியும்தானே? அடுப்பு, கட்டில், கழிப்பறை, ஏ.சி. எல்லாம் உள்ளேயே இருக்கிற, நம்மூர் ஆம்னி பஸ் சைஸ் வண்டி. ரிட்டயர்டு ஆன அமெரிக்கத் தாத்தா பாட்டிகளின் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். வசந்தகால விடுமுறைக்கு நாங்கள் ஐந்து பேர் காசு போட்டு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். காலனுக்கு எட்டு மைல்தான் கொடுத்தது. பெட்ரோல் போடும்போதெல்லாம் வயிறு எரிந்தது, அது தனிக்கதை.

போன இடம் அலபாமா மாநிலத்தில் மொபீல் டெல்டா. (கைபேசி இல்லை, ஊர் பெயர்!) அலபாமா, டாம்பிக்பீ என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து மொபீல் ஆறாகி, சேர்ந்த வேகத்திலேயே மறுபடி பிரிந்துவிடுகின்றன. கடைசியில் மொபீல், ஸ்பானிஷ், டென்சா, அப்பலாச்சி, பிளேக்லி என்று ஐந்து ஆறுகளாக விரிகுடாவில் விழுகின்றன. நடுவே சுமார் 2,60,000 ஏக்கர் சதுப்புக்காடு. முதலை, கரடி எல்லாம் உண்டு.

இதை தேசியப் பூங்கா ஆக்க வேண்டும் என்று பல வருடமாக ஒரு பேச்சு இருக்கிறது. எறும்பு ஆராய்ச்சியில் பேர்போன எட்வர்ட் வில்சன் (2021-இல் காலமானார்) சிறுவயதில் சில காலம் மொபீலில் வளர்ந்தவர். அவர் இதற்காக நிறையப் பேசினார். உள்ளூர் வேட்டைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை, பூங்கா வந்தால் துப்பாக்கியோடு நுழைய முடியாது என்ற பயம். என் கட்சி பூங்கா பக்கம்தான். ஆனால் ஒரு நிபந்தனை: உள்ளே ஒரு அடி ரோடு கூட புதிதாகப் போடக்கூடாது. பூங்கா என்றால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் ஆர்.வி. வரும், ஆர்.வி. வந்தால் ரோடு கேட்கும்.

ரோடு போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அங்கேயே சாட்சி இருக்கிறது. டெல்டாவின் தென்முனையில் மண்ணைக் கொட்டி மேடாக்கி 1927-இல் திறந்த காஸ்வே சாலை. எங்கள் வண்டி நின்ற மேயர் ஸ்டேட் பார்க் இந்தச் சாலையை ஒட்டித்தான் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்துகொண்டிருந்த பல வழிகளை அந்த மேடு அடைத்துவிட்டது. பக்கத்திலேயே ஐ-10 தூண்கள் மேல் போகிறது, அதன் அடியில் தண்ணீர் பாட்டுக்குப் போய்வருகிறது. வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அப்புறம் ஆமை. அலபாமா செவ்வயிற்று ஆமை பெரும்பாலும் இந்த டெல்டாப் பக்கம்தான் வாழ்கிறது. 1987-இலிருந்து அழிவில் இருக்கும் இனங்களின் பட்டியலில் உள்ளது. முட்டையிட மேட்டு நிலம் தேடி பெண் ஆமைகள் ஏறிவருவது இந்த ரோட்டுக்குத்தான். வண்டிகளில் அடிபட்டு ஏகப்பட்டது செத்தபிறகு ஓரமாக வேலி போட்டார்கள். அந்த ரோட்டில்தான் நாங்களும் வந்தோம் என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

ரோடு இல்லாத இடம் எப்படி இருக்கும்? பாட்டில் கிரீக் மேடுகளைப் பாருங்கள். கி.பி. 1250 முதல் 1550 வரை அங்கே வாழ்ந்த பூர்வகுடிகள் எழுப்பிய 18 மண்மேடுகள், உயரமானது சுமார் 45 அடி. படகில் மட்டுமே போக முடிகிற தீவு. வழி சுலபமாக இருந்திருந்தால் இத்தனை நூற்றாண்டு மிஞ்சியிருக்குமா, சந்தேகம்தான்.

இரண்டாம் நாள் வண்டியைக் கரையில் விட்டுவிட்டு கயாக்கில் இறங்கினோம். பார்ட்ரம் கனூ டிரெயில் என்று படகுப்பாதை இருக்கிறது. 1775-இல் இந்தப் பக்கம் வந்த வில்லியம் பார்ட்ரம் என்ற இயற்கையியலாளர் பெயரில். ராத்தங்க, தண்ணீர் மேல் மிதக்கிற மரமேடைகள் கட்டியிருக்கிறார்கள். முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். ஜெனரேட்டர் கிடையாது, ஏ.சி. கிடையாது, குப்பையைத் திரும்பச் சுமந்து வரவேண்டும். முதல் நாள் ராத்திரி பக்கத்து ஆர்.வி.யின் ஜெனரேட்டர் சத்தத்தில் விழித்திருந்தேன். இரண்டாம் ராத்திரி தவளைச் சத்தத்தில். இரண்டாவதற்குக் கோபம் வரவில்லை.

"துடுப்புப் போட முடியாதவர்கள் என்ன பண்ணுவார்கள்?" என்று கூட வந்த நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. முழங்கால் வலியோடு கயாக்கில் உட்கார முடியாது, என் அம்மாவால் நிச்சயம் முடியாது. அவர்களுக்குக் கரையிலிருந்து மோட்டார் படகுச் சுற்றுலா இருக்கிறது. அதை அதிகப்படுத்தட்டும், டிக்கெட்டைக் குறைக்கட்டும். ஆர்.வி. நிறுத்த கரையில் இன்னும் நாலு இடம் கட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. காட்டுக்குள் கட்டவேண்டாம், அவ்வளவுதான்.

போகிறவர்களுக்கு ஒன்று. அங்கே பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் தண்ணீர் ஏறி இறங்கும். வடக்கிலிருந்து காற்று பலமாக அடித்தால் இன்னும் வடிந்துவிடும். நாங்கள் அதைப் பார்க்காமல் கிளம்பி, முக்கால் மணி நேரம் கயாக்கைச் சேற்றில் இழுத்தோம். ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது :-)