கர்ணனும் மூன்று சிடியும்



மறைமலை நகர் வீட்டில் பீரோவை ஒழிக்கும்போது மகன் கேட்டான்: "கர்ணன் டிவிடி வாங்கித் தந்தேனே, இந்தப் பழைய விசிடி எதுக்குப்பா?"

நியாயமான கேள்விதான். 1964-இல் பந்துலு எடுத்த படம். 2012-இல் டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டபோது தியேட்டரில் பார்த்து அசந்துபோனவன் நான். விசிடியோ வெறும் 352×288 பிக்சல். சிவாஜி முகமே கட்டம் கட்டமாகத் தெரியும்.

ஆனால் மூன்று சிடி. ஒன்று முடிந்ததும் எழுந்து மாற்றுவது என் வேலை. அதற்குள் காபி போட்டு வருவது மனைவி வேலை. (இரண்டாவது சிடி போர்க்களத்துக்கு முன்பே திக்கும்!) 'கீறல் இருக்கு, மெதுவாகத் துடைக்கவும்' என்று உறைமேல் அவள் எழுதியது இன்னும் அழியவில்லை. அவள் போய் ஆறு வருஷம்.

புதுசு வாங்குவதில் எனக்குச் சண்டையில்லை. புதுசு வந்ததும் பழசைக் குப்பை என்பதில்தான் சண்டை. டிவிடியில் படம் இருக்கிறது, அவள் எழுத்து இல்லையே. விசிடி பிளேயர் ஓடியே வெகுநாள் ஆகிறது, அது வேறு விஷயம்.

பீரோ சாவி இப்போது என்னிடம்.